தைத்த பூ

நொச்சியைப் பற்றி வெங்கடநாராயணனிடம் வாயைத் திறந்தவர்கள் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. ஆவி பிடிக்க நாலு இலை கேட்டு மேலே ஏறி வந்த கீழ்வீட்டு முகர்ஜி, சளியை மறந்து, கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி அரைமணி நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். தண்டை உருட்டிப் பார்க்க வேண்டும். நாலு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிரே நிற்கும். ஒவ்வொரு இலையும் விரித்த கைபோல மூன்றாகவோ ஐந்தாகவோ பிரியும். நடுக்கூறுதான் நீளம், அதற்கென்று தனியாக ஒரு குட்டிக் காம்பு உண்டு. புரட்டினால் அடிப்புறம் விபூதி பூசியதுபோல் வெளுத்திருக்கும். அது பூச்சு அல்ல, ரோமம். கிளை நுனியில் ஒரு முழத்துக்குப் பூங்கொத்து. நீலமும் ஊதாவும் கலந்த சின்னஞ்சிறு பூவுக்கு இரண்டு உதடு. கீழுதட்டின் நடுமடல் நாக்கை நீட்டியதுபோல் தொங்கும். காய் மிளகாகக் கறுக்கும். ஆடு கடிக்காது, மாடு கடிக்காது. “எதுக்கும் ருசிக்காத செடிக்குத்தான் ஆயுசு கெட்டி” என்று முடிப்பார்.

முப்பத்துநாலு வருஷம் ஆற்றைக் கடந்து ஹவுராப் பக்கத்து அரசாங்க ஹெர்பேரியத்துக்குப் போய்வந்தவர் அவர். உலர்த்திய செடிகளைத் தாளில் தைத்து, பெயரிட்டு, இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைக்கும் இடம் அது. இப்போது வயது எண்பது. இன்றும் சட்டைக்குக் கஞ்சி போட்டுத்தான் லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கக் கிளம்புவார். கடைக்காரன் ஒரு பொட்டோல்காய் கூடுதலாகப் போட்டாலும் திருப்பி எடுத்து வைப்பார். அப்படி வளர்த்தவர் அவருடைய அப்பா வைத்தீஸ்வரன். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்து சணல் கம்பெனி ஒன்றில் சுருக்கெழுத்தாளராக உட்கார்ந்து, எழுந்து, செத்தும் போனவர். நிலம் விட்டுவிட்டுப் போகவில்லை, வீடும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு பெயர். அதன்மேல் கறை எதுவும் இருந்ததில்லை.

அந்தப் பெயரைத்தான் மகன் ஒரு செடிக்கு வைத்தார். பாலிகஞ்ச் வீட்டுக் கூடத்தில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்துக்குள் அந்தச் செடியின் கோட்டோவியம் தொங்கியது. கீழே சாய்ந்த எழுத்தில்: வைடெக்ஸ் வைத்தீஸ்வரனீ. நொச்சிக் குடும்பத்தில் புதிய இனம். 1982இல் கார்டன் ரீச் ஆற்றங்கரைப் புதரில் எடுத்தது. ஒரே ஒரு தாள். மூன்று கூறு கொண்ட காம்பில்லாத இலை. அதன்மேல் யாரும் காணாத நீளத்தில் பூங்கொத்து. அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலங்கள் அதே கரையில் சேறு மிதித்துத் தேடியும் இரண்டாவது செடி கிடைக்கவில்லை. கரைக்குக் கல் பாவியபோது அழிந்திருக்கலாம் என்று அவரே எழுதினார். அழிந்துபோன வங்காளத்துச் செடிகள் என்று யாரோ போட்ட பட்டியலிலும் அது ஏறியது. வருஷத்துக்கு ஒருமுறை யாராவது போன் பண்ணி, அந்தச் செடிக்காக வருத்தப்படுவார்கள்.

ரதயாத்திரை முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவிப்ரியா வந்தாள். அதே ஹெர்பேரியத்தில் இரண்டு வருஷமாக வேலை, ஊர் கோபிசெட்டிபாளையம். நொச்சிக் குடும்பம் முழுவதையும் புதிதாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது சந்தேகம் கேட்க வருகிறவள்தான். அன்று செருப்பைக் கழற்றும்போதே அவள் முகம் சரியில்லை. மழையில் நனைந்த பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சார், நான் சொல்றதத் தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க.”

“தப்பாச் சொன்னாத்தானே தப்பா எடுத்துக்கறதுக்கு. சொல்லு.”

பாகீரதி காப்பியோடு வந்தாள். “முதல்ல தலையைத் துவட்டிக்கோம்மா. இவர்ட்ட பேச ஆரம்பிச்சா தானே காஞ்சுடும், அது வேற விஷயம்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரையில் அந்தத் தாளைப் பெரிதாக்கினாள். பழுப்பேறிய தாள், அதில் கறுத்த கிளை, கிளையின் குறுக்கே அங்கங்கே வெள்ளை நூல் தையல். நாலாவது தையலைத் திரை முழுதும் நிறையும்படி விரித்தாள். நூல் கயிறுபோல் தெரிந்தது.

“இங்க கிளை முடியுதுங்க. இங்க பூங்கொத்தோட காம்பு ஆரம்பிக்குது. ரெண்டும் சேரலீங்க சார். நூலுக்கு அடியில சந்து இருக்குது.”

“காஞ்ச செடி. பிரஸ்ல அழுத்தும்போது ஒடியும்.”

“ஒடிஞ்சிருந்தா கிளை நுனியில மொட்டு இருக்காதுங்களே. பாருங்க, அதோட சொந்த மொட்டு விரியாம அப்படியே இருக்குது.” அவள் குரல் இறங்கியது. “கிளை நீர்நொச்சிங்க. பூ சாதா நொச்சி. பூ ரோமமும் பாத்துட்டேன், மகரந்தமும் பாத்துட்டேன். ரெண்டு செடிங்க சார்.”

அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மொட்டைப் பார்த்த கண் எதையும் பாராததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

“பேர் போகாதுங்க” என்றாள் அவள், ஆறுதல்போல.

“தெரியும். ஒரு தடவை அச்சான பேர் எங்கேயும் போகாது. நீர்நொச்சிக்குக் கீழே, பொடி எழுத்துல, செல்லாத பேரா உலகம் இருக்கற வரைக்கும் கிடக்கும்.”

“அது மட்டும்னா நான் இப்படி வந்து நிக்க மாட்டேனுங்க. என் கட்டுரையைப் படிச்சு மதிப்பீடு பண்றவர் ஒரு கேள்வி எழுதியிருக்கார். சந்து சரியா நூலுக்கு அடியிலயே மறைஞ்சிருக்கே, இது தற்செயல்தானான்னு.”

வெங்கடநாராயணன் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“திருட்டுத்தனம்னு சொல்றானா?”

“அந்த வார்த்தையை எழுதலீங்க.”

“மத்த எல்லாத்தையும் எழுதியிருக்கான்.”

“அதுக்குத்தானுங்க வந்தேன். கலப்பு எந்த ஹெர்பேரியத்துல இல்லை? என்ன நடந்துச்சுன்னு நீங்க நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா அப்படியே சேர்த்துப் போட்டுடறேன். யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்.” எழுந்து நின்று, சுவரில் தொங்கிய ஓவியத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போனாள். “எனக்குச் சங்கடமா இருக்குதுங்கம்மா” என்று பாகீரதியிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

மத்தியானச் சாப்பாட்டில் மோர்க்குழம்பும் வாழைப்பூ உசிலியும். வெங்கடநாராயணன் சோற்றில் பள்ளம் பறித்துவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்ள மறந்து உட்கார்ந்திருந்தார். எதிரே மகன் சிவராம். வங்கியில் அதிகாரி, ஐம்பது வயது. தமிழைவிட வங்காளம் அவன் நாக்கில் லேசாகப் புரளும்.

“அரே பாபா, இதுக்கு ஏம்ப்பா இவ்ளோ டென்ஷன்? சிம்பிள். யார் தச்சா? மவுண்டர் தச்சா. மவுண்டர் மிஸ்டேக்னு எழுதுங்கோ. முடிஞ்சுது. நாற்பது வருஷம் கழிச்சு யார் போய்க் கேக்கப் போறா?”

“யார் தச்சான்னு தெரியுமோ உனக்கு?” என்றாள் பாகீரதி.

“யாரோ ஒருத்தர். பெயரா முக்கியம்?”

“பெயர்தான்டா முக்கியம். இந்தாத்துல பின்னே எதுக்காக மூணு நாழியா ஒருத்தர் சாதத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கார்?”

“பாகீரதி” என்றார் அவர்.

“இல்லை, கேக்கறேன். கோட்டை மதிலைக் காக்கறவா அந்தக் காலத்துல நொச்சிப்பூ சூடிப்பாளாம். நீங்கதான் சொல்லியிருக்கேள். காக்கறவா தானே சூடிக்கணும்? இங்கே மதில்லேர்ந்து இன்னொருத்தியைத் தள்ளிவிடலாம்னு யோசனை நடக்கறது.”

சிவராம் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். “எந்த இன்னொருத்தி?”

அந்தச் செடி எடுத்த வருஷம் அவன் ஒன்பது வயதுப் பையன்; தாத்தா இறந்ததற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தது மட்டும்தான் அவனுக்கு நினைவு. பாகீரதி சொன்னாள்.

ஆவணி மாதம். சனிக்கிழமை கார்டன் ரீச் கரையில் எடுத்த செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மரச்சட்டப் பிரஸ்ஸில் இறுக்கி, வழக்கம்போல் அவர் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். அதில் நீர்நொச்சி ஒரு தாளில், சாதா நொச்சி ஒரு தாளில். ஞாயிறு ராத்திரி அப்பா போய்விட்டார். மகன்தான் கர்த்தா, பத்து நாளும் வேறு எதையும் தொடக் கூடாது. மழைக்காலத்தில் தினமும் ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை மாற்றாவிட்டால் செடி பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போகும். ஆபீசுக்குச் சொல்லியனுப்பினார். தினக்கூலியில் செடி தைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாளை அனுப்பினார்கள். கார்டன் ரீச்சிலிருந்து இரண்டு பஸ் மாறி தினமும் வந்தாள்.

“உள்ளே விடலை” என்றாள் பாகீரதி. “பிரஸ்ஸைக் கொண்டுபோய் மாடிப்படித் திருப்பத்துல வச்சார். அங்கே ஜன்னலுக்குக் கதவே கிடையாது. சாரல் அடிக்கும், காத்து சுழட்டும். அவ அங்கேயே குந்திண்டு நூத்திச்சொச்சம் தாள் மாத்துவா.”

“தீட்டு வீடு” என்றார் வெங்கடநாராயணன். “அதனால.”

“தீட்டு நமக்கு. அவளுக்கு இல்லை. தீட்டு ஆத்துக்குள்ள வரலாமா கூடாதான்னு அவதானே யோசிக்கணும்? நாம ஏன் யோசிச்சோம்? முகர்ஜியாத்துலேர்ந்து அத்தனை பேரும் உள்ளே வந்து துக்கம் கேட்டுட்டுத்தானே போனா?” அவள் தட்டில் கையை உதறினாள். “உங்களை மட்டும் சொல்லலை. காப்பி டம்ளரைப் படியில வச்சுட்டு நாலடி தள்ளி நின்னவ நான்தான்.”

ஐந்தாம் நாள் பெருங்காற்று. தாள்கள் படிக்கட்டில் பறந்து கீழ்த்தளம் வரை சிதறின. அவள் ஓடி ஓடிப் பொறுக்கினாள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்: நொச்சிப் பூவு எது எதோடதுன்னு தெரியல சார், ஒரு தடவ வந்து பாத்துருங்க. உள்ளேயிருந்து இவர் சொன்னார்: என்னால் இப்போது தொட முடியாது, எது எதோடு ஒட்டினாற்போல் இருக்கோ அதோடயே வை.

சிவராம் தட்டை ஓரமாகத் தள்ளினான். பிறகு, “அதை எழுத முடியாதுப்பா” என்றான். “இந்தக் காலத்துல அதை எழுதினா... பேப்பர்ல வரும். என் ஆபீஸ்ல படிப்பா. அந்தப் பார்ட் மட்டும் வேண்டாம்.”

“அது ஆத்து விஷயம். அதை ஏன் எழுதணும்?” என்றார் அப்பா. அன்றைக்கு முதல்தடவையாக மகனும் அவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

புதன்கிழமை அவர் கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. பாகீரதி கேட்கவும் இல்லை. புடவை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கிதிர்ப்பூர் தாண்டியதும் தெருக்களில் முழங்கால் அளவுத் தண்ணீர். மெட்டியாபுரூஸ் சந்துகளில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே, விசாரித்துக் கண்டுபிடித்த தகரம் போட்ட ஒற்றை அறையில், கிருஷ்ணம்மாள் குழந்தைச் சட்டைகளின் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா ஓட்டைகளின் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தொட்ட வயது. வலதுகைக் கட்டைவிரல் ஒரு தாளத்துக்கு ஆடுவதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது.

பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டாள். “அட, சாரா! அம்மாவுமா! தண்ணிக்குள்ள ஏன் வந்தீங்க? சொல்லிவிட்டிருந்தா நான் வந்திருப்பேனே.” எழுந்து சட்டைக் குவியலைக் காலால் ஒதுக்கினாள். “உள்ள வாங்க. கட்டில்ல உக்காருங்க. ஈரம் கீரம்னு பாக்காதீங்க, இந்த ஊர்ல ஈரமில்லாத எடம் சுடுகாட்டுலதான்.”

வெங்கடநாராயணன் கட்டில் விளிம்பில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பாகீரதி தரையில் உட்காரப் போனாள். கிருஷ்ணம்மாள் கையைப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

“கைக்கு என்ன?” என்று கேட்டாள் பாகீரதி.

“அது அப்பலருந்து அப்படித்தாம்மா. பூச்சி அரிக்காம இருக்க செடிய விசத் தண்ணியில முக்குவோம்ல. வெறுங்கையில முக்குனது. ஊசி கோக்க வராது இப்ப. கத்திரிக்கோலு புடிச்சுக்குது, போதும். எம்மவ மிசின் மிதிக்கிறா, நான் பிசிறு வெட்டுறேன். சாப்புடுறீங்களா? மீனில்ல, பயப்படாதீங்க. பருப்பு இருக்கு, அப்பளம் பொரிச்சுத் தாரேன்.”

“வேண்டாம், சாப்ட்டுத்தான் வந்தோம்” என்றார் அவர்.

“டீ குடு” என்றாள் பாகீரதி.

கண்ணாடிக் குவளைகளில் டீ வந்தது. பாகீரதி குடித்தாள். அவருடைய குவளை கட்டில் காலடியில் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கிருஷ்ணம்மா, ஒரு நொச்சித் தாள். மூணு இலை, நீளப் பூ. நீ தச்சது ஞாபகம் இருக்கா?”

“உங்கய்யா பேரு வச்சீங்களே, அதா? அது மறக்குமா? ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தேஷ் மிட்டாய் வாங்கிக் குடுத்தீங்க. எனக்கு ரெண்டு குடுத்தீங்க.”

“அதுல பூ... பூ தனியா இருந்துதாமே.”

“தனியாத்தான் இருந்துச்சு.” அவள் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள், இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் என்பதுபோல. “சொன்னேனே சார். கிளையில மொட்டு இருக்கு, பூவு அதோடது இல்ல போலருக்குன்னு தாள எடுத்துக்கிட்டு உங்க மேசைக்கே வந்தேன். நீங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சீங்க. ரொம்ப நேரம் பாத்தீங்க. அப்பறம் சொன்னீங்க, அழுத்துனதுல ஒடிஞ்சிருக்கும், சேத்துத் தை, இன்னைக்கு அப்பாவுக்கு மாசத் திதி, சாயங்காலத்துக்குள்ள எழுதி முடிக்கணும்னு. நான் சேத்துத் தச்சேன்.”

பாகீரதி கணவன் பக்கம் திரும்பினாள். இந்தப் பகுதி அவளுக்குத் தெரியாது. நாற்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் சொல்லவில்லை.

“நூலைச் சரியா அந்தச் சந்து மேலேயே போட்டிருக்கே” என்றார் அவர். குரலில் அதட்டல்போல் ஒன்று இருந்தது. “மறைச்சாப்பல இருக்குன்னு இப்போ ஒருத்தன் கேக்கறான்.”

அவள் சிரித்துவிட்டாள். பல் இரண்டுதான் மிச்சம். “மறைக்கவா? ஆடுற எடத்துலதான சார் நூலு போடணும்? ஆடாத எடத்துல போட்டு என்னத்துக்கு? அதான வேலையே. கேக்குற ஆளு ஒரு தாளாவது தச்சிருப்பாரா? கூட்டிட்டு வாங்க, காட்டுறேன்.” சிரிப்பு அடங்கியதும், “தப்பாப் போச்சா சார்?” என்று கேட்டாள்.

“ரெண்டு செடி கலந்துடுத்து.”

“அன்னைக்கு படியில காத்தடிச்சதே, அதுலதான் இருக்கும். நான் அப்பவே நெனச்சேன்.” கத்திரிக்கோலை எடுத்து ஒரு சட்டையின் பிசிறை வெட்டினாள். “உங்கய்யா பேருக்கு ஒண்ணும் ஆயிராதே?”

பாகீரதிதான் சொன்னாள்: “ஆகாது. நீ கவலைப்படாதே.” எழும்போது அவள் போன் நம்பரை வாங்கித் தன்னுடைய போனில் பதிந்துகொண்டாள்.

திரும்பும்போது காரில் பாகீரதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மொட்டு உங்க கண்ணுக்கு அன்னிக்கே தெரிஞ்சுதா?”

தண்ணீரில் ஒரு ரிக்‌ஷாக்காரன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். கார் அவனைக் கடக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா போய் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது” என்றார்.



வீட்டில் அவர் மூன்று நாள் எழுதினார். முதல் நாள் எழுதியதில் மாடிப்படி இருந்தது, கிழித்தார். இரண்டாம் நாள் எழுதியதில் மேசையும் மொட்டும் இருந்தன. அதைக் கிழிக்க நேரம் பிடித்தது. எதிர்ச்சுவரில் அப்பா. ஆபீஸ் பென்சிலால் வீட்டுக் கணக்கு எழுதமாட்டார் அப்பா. வேலைக்குச் சேர்ந்த நாளில் மகனிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: நம்ம பேரை யாரும் விரல் நீட்டிச் சொல்லும்படி வச்சுக்காதே. இத்தனை வருஷம் அதைக் காத்தாயிற்று. கண்ணால் கண்டும் தைக்கச் சொன்னான் என்று எழுதினால், நீட்டிய விரல் மகனோடு நிற்காது. சாய்ந்த எழுத்தில் இருக்கும் பெயரின்மேல்தான் போய் நிற்கும். பொய்ச்செடிக்கு அப்பன் பெயர் வைத்தான் என்பார்கள். அவரால் அதைத் தாங்க முடியாது. தாங்க முடியாததை மனுஷன் எப்படி எழுதுவான்?

சனிக்கிழமை எழுதியது நின்றது. பாகீரதியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்.

“1982 ஆகஸ்டில் தந்தையின் மரணத்தால் நான் விடுப்பில் இருந்தபோது, உலர்த்தும் தாள்களை மாற்றும் பணி தினக்கூலி மவுண்டர் ஒருவரால் செய்யப்பட்டது. அச்சமயம் இரண்டு சேகரிப்புகள் கலந்துவிட்டன. தளர்ந்த பகுதிகளில் நூலிடும் வழக்கப்படி அவர் இரண்டையும் ஒரே செடியாகத் தைத்துவிட்டார். கலப்பு என் கவனத்துக்கு வரவில்லை.”

பாகீரதி கடைசிவரை கேட்டாள். “முதல் வரி நிஜம். ரெண்டாவது நிஜம். மூணாவது பாதி நிஜம்.”

“நாலாவது?”

“நாலாவதுக்காகத்தானே மத்த மூணும்.”

“பேர் போடலையே. மவுண்டர்னுதானே போட்டிருக்கு. அவளுக்கு என்ன நஷ்டம்? அவ வேலை போகப் போறதா, பென்ஷன் போகப் போறதா?”

“போறதுக்கு எதுவும் குடுக்கலையே அவளுக்கு” என்றாள் பாகீரதி. அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் வேளை தவறாமல் பரிமாறினாள். வேண்டுமா, போதுமா என்ற இரண்டு சொல்லுக்குமேல் அவரோடு பேசவில்லை. சிவராம் கடிதத்தை அலைபேசியில் படமெடுத்து தேவிப்ரியாவுக்கு அனுப்பினான். “பெர்ஃபெக்ட்ப்பா” என்றான்.

பத்து நாள் மழை. சுவரில் ஈரம் ஏறி, ஓவியத்தின் கண்ணாடிக்குள் பூஞ்சை புள்ளி வைத்தது. மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேவிப்ரியா போன் பண்ணினாள்.

“சார், உங்க கடிதத்தை ஏத்துக்கிட்டாங்க. இனிமே யாரும் வேற மாதிரி கேக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு. பத்திரிகை ஆசிரியர் சொல்றாரு, ‘ஒருவர்’னு போட்டா மழுப்பற மாதிரி இருக்குதாம். யாரால கலந்துச்சோ அவங்க பேர் வரணுமாம். முழுப் பேர், இனிஷியலோட. உங்ககிட்ட இருக்குங்களா?”

கிருஷ்ணம்மா என்றுதான் அவருக்குத் தெரியும். பதினோரு வருஷம் ஒரே கூரைக்கு அடியில் வேலை பார்த்தவள். வருகைப் பதிவேட்டில் அவள் கட்டைவிரல் ரேகை வைத்தாளா கையெழுத்துப் போட்டாளா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பாகீரதி உள்ளேயிருந்து வந்தாள். தன்னுடைய போனில் நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்ததும் அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்களே கேளுங்கோ.”

தையல் இயந்திரச் சத்தம். பிறகு அவள் குரல்.

“சாரா? சொல்லுங்க சார். அம்மா நல்லாருக்காங்களா?”

“இருக்கா. கிருஷ்ணம்மா, உன் முழுப் பேர் வேணும். அச்சுல போடப் போறா.”

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி அவள் மகளிடம் கத்துவது கேட்டது. சத்தம் நின்றது.

“எம் பேரா சார்? செடிப் புஸ்தகத்துலயா?”

“ஆமாம்.”

“என்னன்னு போடுவாங்க?”

அவர் எதிரே நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் நகரவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை.

“அந்தத் தாளைத் தச்சது நீதான்னு.”

“அது நெசந்தான.” அவள் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. “எத்தன ஆயிரம் தாளு தச்சிருப்பேன் சார். எல்லாத் தாள்லயும் எடுத்தவங்க பேரு இருக்கும், பேரு வச்சவங்க பேரு இருக்கும், ஊரு, தேதி, ஆத்தங்கரைன்னா ஆத்தங்கரைன்னு இருக்கும். தச்சவ பேரு ஒண்ணுலயும் கெடையாது. இப்பவாச்சும் கேக்கத் தோணுச்சே அவங்களுக்கு.” மகளிடம் திரும்பி ஏதோ சொன்னாள். மகள் ஏதோ கேட்டாள். இவள் சிரித்தாள். “சார், கிருஷ்ணம்மாள்னு வெறுமன போட்டா யாருன்னு தெரியும்? ஊர்ல நூறு கிருஷ்ணம்மா. எங்கய்யா பேரையும் சேத்துப் போடச் சொல்லுங்க. மாரியப்பன். ரயில்வேல கலாசியா இருந்தாரு. எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு. நீங்க உங்கய்யா பேர வச்சீங்கள்ல, அது மாதிரி எங்கய்யா பேரும் ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போகட்டும். போடுவாங்களா?”

“போடுவா” என்றார் வெங்கடநாராயணன்.

மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். எண்பது வயதிலும் அவர் எழுத்து அச்செழுத்து மாதிரி இருக்கும். மா. கிருஷ்ணம்மாள், தகப்பன் பெயர் மாரியப்பன் என்று எழுதினார்.

“எழுதிட்டீங்களா? தப்பாயிரப் போவுது சார். ஒரு தடவ படிங்க.”

படித்தார்.

“அய்யா பேர மட்டும் இன்னொரு தடவ” என்றாள் அவள்.